கமா சார் வீட்டைக் காலி செய்த கதை

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரே மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக முப்பத்தொரு வருடம் பத்திரம் எழுதினோம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. பத்திரத்தில் ஒரு கமா தப்பிவிட்டால் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவார். ஒருமுறை 'கிணறு, பாதை நீங்கலாக' என்று இருக்க வேண்டிய இடத்தில் கமா விட்டுப்போய், கிணறும் பாதையுமா, கிணற்றுப் பாதை மட்டுமா என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான். அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை.

ஊரில் பாதிப் பேருடைய வீடு அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. அவர் இருந்தது மட்டும் வாடகை வீடு. நீலச் சுண்ணாம்பு அடித்த இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் குளியலறை. அந்த வீட்டிலிருந்துதான் ஒரே மகன் படித்து வெளிநாடு போனான். அந்த வீட்டில்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி கண்ணை மூடினார். வீட்டுக்காரரும் நல்ல மனிதர், காலி செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாத வீட்டை இவராகக் காலி செய்தார். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால், அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

மகன் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவன் தமிழ் பேசுவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு பத்து நிமிடம்தான். அப்படி ஒரு ஞாயிறு பேசியதைத் திங்கட்கிழமை கொட்டகைக்கு வந்து, சாட்சி சொல்வது போல வார்த்தை பிசகாமல் என்னிடம் ஒப்பித்தார்.

"'அப்பா, நாம பெரிய வீட்டுக்குப் போறோம். நீங்க வந்துடுங்க. நீங்க இல்லாம முடியாது.' இதான்யா சொன்னான். 'நாம'ன்னு சொன்னான். 'நாங்க'ன்னு சொல்லல."

எங்கள் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு வீட்டை விற்றால் 'நாங்கள் விற்கிறோம்' என்றுதான் எழுத வேண்டும். 'நாம் விற்கிறோம்' என்று எழுதினால் எதிரே உட்கார்ந்து வாங்குகிறவனும் சேர்ந்து விற்கிறான் என்று ஆகிவிடும். புதிதாக வந்த ஒருவர் அப்படி எழுதியதற்குக் கமா சார் அவரை அரைநாள் வறுத்தெடுத்தார். அப்படிப்பட்டவர் காதில் சொந்த மகன் 'நாம' என்று சொன்னால், அது ரிஜிஸ்டர் ஆன மாதிரிதான்.

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க சார்," என்றேன். "லீவுக்கு வரச் சொல்றானா, ஒரேயடியா வரச் சொல்றானான்னு."

"பெத்த பிள்ளைகிட்ட போய் ஷரத்து பேசச் சொல்றியா?"

டிக்கெட் வந்தது. அதில் திரும்பும் தேதி அச்சாக இருந்தது. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"அது சும்மா. திரும்புற தேதி போட்டாத்தான் அங்க உள்ளயே விடுவாங்க. போனப்புறம் மாத்திக்குவான்," என்றார்.

எழுத்தை நம்பு, பேச்சை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் ஓதியவர், எழுத்தை ஒதுக்கிவிட்டுப் பேச்சை நம்பினார். ஆசை வந்தால் பத்திரக்காரனுக்கும் கண் தெரியாது.

வீட்டைக் காலி செய்வதை மகனிடம் சொல்லவில்லை. போய் நின்று நேரில் சொல்ல வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். பீரோவைத் தையல்காரருக்குக் கொடுத்தார். பாத்திரங்களைக் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டு பெரிய பெட்டி. அதற்குள் அவருடைய அறுபத்தேழு வருடமும் அடங்கிவிட்டது. சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கூட்டி வைத்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு வண்டி ஏறினார்.

அவர் போன மூன்றாம் நாள் அந்த வீட்டுக்கு என் மகள் குடிபோனாள். மருமகனுக்கு வேலை இங்கே மாற்றலாகியிருந்தது. இரண்டு குழந்தைகளோடு வீடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தாள். நான்தான் வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினேன். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். கமா சாருக்கு இதை நான் போனில் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இனி அங்கே நடந்ததெல்லாம் அவர் என்னிடம் சொன்னது. மூன்று வாரத்துக் கதையை மூன்று மாதமாகத் துண்டு துண்டாகச் சொன்னார்.

விமான நிலையத்தில் மகன் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

"ஆமா," என்று இவர் சிரித்தார். அவனும் சிரித்தான். உள்ளது உள்ளபடி அவர் சொல்லியாகிவிட்டது. கேட்டவனுக்கு அது நகைச்சுவை.

மகன் இருந்தது நாலாவது மாடியில். இரண்டு சின்ன அறை, ஆள் திரும்ப முடியாத சமையலறை, மூன்று பேர் ஏறினால் முனகுகிற லிஃப்ட். கணவனும் மனைவியும் காலையில் போனால் சாயங்காலம் வெளுத்துப்போய்த் திரும்புவார்கள். மருமகளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'அப்பா'. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே காபி வேண்டுமா, குளிருகிறதா, தூங்கினீர்களா எல்லாம் கேட்டுவிடுவாள். நல்ல பெண் என்று அவரே சொன்னார். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எனக்குக் கதை சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

பகல் முழுக்க அவர் தனியாகப் பெட்டி கட்டினார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். ஒவ்வொரு அட்டைப் பெட்டிக்கும் எண் போட்டு, மேலே சொத்து விவரம் எழுதுவது போல எழுதினார். 'பெட்டி எண் 14. சமையலறை, மேற்குச் சுவர், கீழ்த்தட்டு. பீங்கான் தட்டு எட்டு, விளிம்பு உடைந்த ஒன்று உட்பட.' மருமகளுக்குப் புரிவதற்காகப் பக்கத்தில் ஒரு தட்டுப் படமும் வரைந்தார். மகன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்பா, இது பெட்டியா, கிரயப் பத்திரமா?"

"நாளைக்குத் தகராறு வரக்கூடாதுல்ல," என்றார் இவர்.

புது வீட்டின் வரைபடம் மகனுடைய மேசை மேல் கிடந்தது. அதை ஒரு தாளில் நகல் எடுத்து வைத்துக்கொண்டார். எந்தப் பெட்டி எந்தச் சுவருக்கு என்று அதில் குறித்தார். பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு ஜன்னல், பக்கத்திலேயே கழிப்பறை. வயசான மனிதனுக்கு இதைவிட வசதியாக யாரும் யோசித்திருக்க முடியாது என்று நினைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்ல வேண்டிய சந்தோஷத்தைப் பறித்த மாதிரி ஆகிவிடுமாம். மொத்தம் ஐம்பத்திரண்டு பெட்டி என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கடைசி இரண்டு எண்ணைத் தனக்கு ஒதுக்கி, அந்த அட்டைப் பெட்டிகளில் தன் சாமான்களைப் போட்டு, 'எண் 51, பின் அறை', 'எண் 52, பின் அறை' என்று எழுதினார். காலியான தன் பெட்டிகள் இரண்டையும் மருமகளிடம் கொடுத்தார். அவள் அதில் குளிர்காலத் துணிகளை அடைத்தாள்.

பத்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் போனைத் தடவியபடி சொன்னான்:

"அப்பா, உங்க ஃப்ளைட் இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம். டாக்ஸி எல்லாம் வேண்டாம். நான் லீவு போட்டுட்டேன். நாம உங்கள ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்துடலாம்."

இதை என்னிடம் சொல்லும்போது கமா சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். "யோவ், என்னை விடுறதுக்கு நானும் போறேன்யா! விட்டுட்டு நானும் திரும்பி வந்துடுறேன்!" நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். என் வாயில் ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தார். மகன் எல்லாவற்றுக்கும் 'நாம' என்றுதான் சொல்கிறான். "நாம ஆபீஸ்ல புது மேனேஜர் எடுத்திருக்கோம்ப்பா" என்கிறான். பல வருடம் கழித்துத் தமிழ் தெரிந்த நண்பன் ஒருவன் போனில் வந்தபோது, "நாம கல்யாணம் பண்ணி ஒன்பது வருஷம் ஆச்சுடா" என்றான். அந்த நண்பனுக்கு மனசு எப்படி இருந்ததோ. பையன் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. பதினெட்டு வருடத்தில் அவனிடம் 'நாங்க' தேய்ந்து போயிருந்தது, 'நாம' மட்டும்தான் கைவசம் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இவர் கட்டிலைக் கொடுத்தார், பீரோவைக் கொடுத்தார், சாவியைக் கொடுத்தார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா? 'டேய், எனக்குத் திரும்பிப் போக வீடு இல்லைடா' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். சொல்லவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பெட்டி எண் 38-ஐக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

சாமான் ஏற்றும் நாளில் கையில் பட்டியலோடு வாசலில் நின்றார். வேலையாட்கள் தூக்கி வரவர ஒவ்வொரு எண்ணாக டிக் அடித்தார். ஐம்பத்திரண்டு பெட்டியும் ஒன்று குறையாமல் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பின் அறைக் கதவைத் திறந்தால், உள்ளே மருமகளின் மேசையும் கம்ப்யூட்டரும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தன. வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலையாம். வேலையாள் ஐம்பத்தொன்றையும் ஐம்பத்திரண்டையும் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று சைகையில் கேட்டான். இவர் மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினார்.

பிறகு பேனாவை எடுத்து, இரண்டு பெட்டியிலும் 'பின் அறை' என்பதை ஒரே கோடாக அடித்தார். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பழக்க தோஷம், இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மருமகளிடம் போய்த் தன் பெட்டிகளைத் திருப்பிக் கேட்டார். அவள் பதறிப்போய்த் துணிகளை அள்ளி வெளியே போட்டுவிட்டு, "அப்பா, அப்பா" என்று மன்னிப்புக் கேட்டாளாம்.

மகன் காலி செய்த நாலாவது மாடி வீட்டைச் சுத்தம் செய்து சாவியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்பாவும் மகனும் மட்டும் போனார்கள். இவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். அவன் மண்டியிட்டு அடுப்பு இருந்த இடத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினான். முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். தலையில் பாதி நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்ததாக அவர் சொன்னார்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அங்க தனியா இருக்கறது கஷ்டமா இருக்கா?"

சொல்வதற்குக் கதவு திறந்துவிட்டது. "சொல்லிடலாம்னுதான்யா வாயைத் திறந்தேன்," என்றார் என்னிடம். அதற்குள் அவனே பேச ஆரம்பித்துவிட்டான்.

"எனக்கு இது ஏழாவது வீடுப்பா. ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் கட்டி, எல்லாத்தையும் பிரிச்சு... வேலை போயிடுச்சுன்னா இதுவும் போயிடும். ராத்திரி தூக்கம் வரலன்னா நான் நம்ம பழைய வீட்டைத்தான் நினைச்சுக்குவேன். எது போனாலும் அப்பா அங்க இருக்கார், அந்த வீடு இருக்குன்னு நினைச்சா தூங்கிடுவேன். உங்களுக்கு அது வெறும் வாடகை வீடா இருக்கலாம். எனக்கு அது ஒண்ணுதான்ப்பா இருக்கு."

இவர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"எனக்கென்னடா கஷ்டம்? ராஜா மாதிரி இருக்கேன்," என்றார்.

இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தார்கள்.

விமானம் இறங்கியவர் நேரே கொட்டகைக்குத்தான் வந்தார். இரண்டு பெட்டியையும் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "வீட்டுக்காரர் வீட்டை யாருக்காவது விட்டுட்டாரா?" என்று கேட்டார்.

"என் பொண்ணுக்கு," என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

என் பேனாவை எடுத்து மூடியைப் போட்டு வைத்தார். "நல்லதாப் போச்சு. தெரிஞ்ச மனுஷங்க," என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "என் வீட்டுக்கு வந்துடுங்க சார்," என்று சொன்னேன். வீட்டில் மனைவியைக் கேட்காமல் சொன்னேன். அந்தப் பயம் குரலிலேயே கேட்டிருக்க வேண்டும். கமா விட்டுப்போனதையே கண்டுபிடிக்கிறவருக்கு இது தெரியாமல் போகுமா? இரண்டு நாளில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை பார்த்துக்கொண்டார். ஒரு கயிற்றுக் கட்டில் போட்டால் மிச்ச இடத்தில் செருப்பு விடலாம். தண்ணீருக்குக் கீழே இறங்கி வர வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை என்னிடம் வந்து நின்றார். என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். மேசை மேல் இருந்த காகிதங்களை இரண்டு முறை அடுக்கினார்.

"உன் பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கணும்யா. ஞாயித்துக்கிழமை காலைல பத்து நிமிஷம் மட்டும் அங்க வந்து உக்காந்துக்கட்டுமா? அவன் வீடியோவுல பேசுவான். பின்னாடி அந்த நீலச் சுவர் தெரிஞ்சா போதும்."

என் மகள் தங்கமானவள். "பெரியப்பா தாராளமா வரட்டும்பா," என்றாள். ஞாயிறு காலையில் கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளை எடுத்தாள். சுவரில் தான் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினாள். குழந்தைகளைச் சமையலறைக்குள் தள்ளி, வாயில் ரொட்டியைக் கொடுத்து உட்கார வைத்தாள். கமா சார் துணிப்பையிலிருந்து மனைவியின் படத்தை எடுத்து ஆணியில் மாட்டினார். எங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் கீழே உட்கார்ந்தார். மகன் வந்தான். சாப்பிட்டீர்களா, முட்டி வலி எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று பேசினார்கள். பத்து நிமிடம் ஆனதும் படத்தைக் கழற்றிப் பையில் போட்டு, நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வரேம்மா," என்று கிளம்பினார்.

இப்படிப் பதினொரு ஞாயிறு. வீட்டுக்குச் சொந்தமில்லாதவர் கூடத்தில் ராஜாவாக உட்கார்ந்திருப்பார். வாடகை கொடுக்கிறவள் தன் வீட்டிலேயே திருடி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் வாசலில் நின்றுகொண்டு யாரும் மணி அடித்துவிடாமல் பார்த்துக்கொள்வேன். அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததற்கு எனக்கு அந்த வேலை தேவைதான்.

போன ஞாயிறு மகன் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. அவ்வளவு உற்சாகம்.

"அப்பா, டிக்கெட் போட்டாச்சு! ஜூன்ல மூணு வாரம் வரோம். ஹோட்டல் எல்லாம் வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன். வீட்டுலயேதான் தங்கப் போறோம். அவளும் கேட்டுக்கிட்டே இருக்கா, அந்த வீட்டைப் பாக்கணும்னு."

நான் உள்ளே ஓடி வந்தேன். கமா சார் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்கடா, வாங்க. கேக்கணுமா? உங்க வீடு."

போன் அணைந்தது. குழந்தை ஒன்று சமையலறையிலிருந்து ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. என் மகள் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். பதினொரு வாரமாக ஒரு வார்த்தை முணுமுணுக்காதவள்.

"பெரியப்பா," என்றாள், "அவங்க வந்தா, நாங்க எங்க போறது?"

அவர் எழுந்து படத்தைக் கழற்றினார். அதன் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். பையில் வைக்காமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"மூணு வாரம்தாம்மா," என்றார்.